இடப்பக்க மலை

அன்புச்செல்வி ஒரு உலகத்தையே சாகடித்துவிட்டாள் என்ற சேதியைச் செங்கம் ரோட்டில் முதலில் பரப்பியவள் நான்தான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. யாராவது ஒருத்தர் சொல்லித்தானே ஆகவேண்டும்.

என் பெயர் சந்திரம்மாள். திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் மூன்று அறை கட்டி வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்பதால் எனக்கு வேலை கம்மி. அவர்கள் மூடிவைத்த நேரத்துக்கெல்லாம் சேர்த்து நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பேன்.

கீழே என் வாசலை ஒட்டினாற்போல அன்புச்செல்வியின் எஸ்.டி.டி. பூத். அதற்கு அடுத்து சகாதேவனின் டீக்கடை. மூன்றுமே ரோட்டுக்குத் தெற்குப் பக்கம், மலையைப் பார்த்தபடி. இது முக்கியம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனால்தான் எல்லாச் சண்டையும்.

செல்விக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். அப்பா மணிலாக்கொட்டை போடுகிற விவசாயி, கருப்புச் சட்டைக்காரர். வீட்டில் சாமி படமே கிடையாதாம். மூன்று வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. கக்கத்தில் ஊன்றுகோல், வெளியே போக கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டி. ஊனமுற்றோர் கோட்டாவில் பூத் கிடைத்து தொண்ணூற்றிரண்டில் இங்கே வந்தாள். நான் சொல்லப்போகிறது தொண்ணூற்றெட்டில் நடந்தது. அப்போது அவளுக்கு முப்பத்திமூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் கேட்காத நாள் இல்லை. அவள் பதில் சொன்ன நாளும் இல்லை.

மத்தியானம் அவள் உள்ளே போய்ச் சாப்பிடும்போது பூத்தைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மாசி மாசத்தில் ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பில் மிஷினுக்குக் கீழே அந்த நீள நோட்டு என் கண்ணில் பட்டது. நானாக எடுக்கவில்லை. கை பட்டது, திறந்துகொண்டது.

பார்த்தால் கதை! அதுவும் இந்தப் பூமியிலேயே நடக்காத கதை. தொல்லகம் என்று ஒரு உலகம். எல்லா நட்சத்திரத்தையும் தாண்டி, பஸ் வசதி இல்லாத குக்கிராமம் மாதிரி வானத்தின் ஒரு ஓரத்தில் கிடக்கிறது. அங்கே மூவடியர் என்று ஒரு ஜனம் இருந்திருக்கிறார்கள். மூன்று கால். கப்பல் கட்டி வானத்தில் நாற்பது உலகத்துக்குப் போய்க் குடியேறியவர்கள். அப்புறம் நாற்பது இடத்திலும் ஒவ்வொன்றாக அற்றுப்போய், கடைசியில் சொந்த ஊரிலும் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் போய்விட்டார்கள். பல்லாயிரம் வருஷம் கழித்து நம் பூமியிலிருந்து கவிநிலா என்கிற ஒரு சர்வேயர் தன்னந்தனியாக அங்கே போய் இறங்குகிறாள். வானத்துக்குப் போனாலும் முதலில் சர்வேயரைத்தான் அனுப்புகிறார்கள் பாருங்கள்.

கதவே இல்லாத வீடுகள். மண் மூடிய கப்பல்கள். ஒரு கட்டடத்துக்குள் ஒரு கருவி மட்டும் இன்னும் சாகாமல், நாற்பது உலகத்துக்கும் வரிசையாக அழைப்பு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. சுற்று முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இதைப் படித்தபோது அந்த யோசனை எந்த நாற்காலியில் உட்கார்ந்து வந்தது என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. மூன்று கால் எங்கிருந்து வந்தது என்றும் யோசித்தேன். மூலையில் அவளுடைய ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அதைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

மற்றதையெல்லாம் சாயந்திரத்துக்குள் சொல்லிவிட்டேன்.

"எல்லாருமே செத்துட்டாங்களா?" என்றான் சகாதேவன், டீயை ஆற்றிக்கொண்டே. "அப்புறம் இன்னாக்கா கதை? யாரு யார்கிட்ட பேசுவாங்க?"

"சர்வேயர்காரி தனியா பேசிக்கினு போறா."

"தனியா பேசுறவங்களை நம்ம ரோட்டுலயே தெனம் பத்துப் பேரைப் பாக்கறனே. அதுக்கு வானத்துக்குப் போவணுமா?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு பூத்துக்கும் கேட்டிருக்கிறது. செல்வி ஊன்றுகோலை ஊன்றி வந்து எனக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, படிச்சதுதான் படிச்சீங்க. எதுவரைக்கும் படிச்சீங்க?"

நான் பொய் சொல்லவில்லை. "கருவி வரைக்கும். அப்புறம் நீ சாப்பிட்டுட்டு வந்துட்ட."

"அப்ப மீதியையும் படிச்சுட்டுச் சிரிங்க" என்று நோட்டை என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். இப்படிச் செய்கிறவர்களை என்ன செய்வது? திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் விஷயம் முழுவதும் தெரிந்தது. ஆறு வருஷமாக இதை எழுதுகிறாளாம். இதற்கு முன்னால் நான்கு நாவல் எழுதி, நான்கும் போன வேகத்தில் திரும்பி வந்தவை. இந்த ஐந்தாவதை மட்டும், மெட்ராஸில் மாதம் ஒரு நாவல் போடுகிற பத்திரிகை ஒன்று படித்துப் பார்த்திருக்கிறது. ஆசிரியர் அப்பாதுரை கடிதம் எழுதியிருந்தார். கதை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் முடிவே இல்லை; சர்வேயர் பெண் சும்மா திரும்பிப் போய்விடுகிறாள்; மாசி கடைசிக்குள் முடிவை மாற்றி, தாளின் ஒரு பக்கம் மட்டும் தெளிவாக எழுதி அனுப்பினால் சித்திரை இதழில் போடலாம். இல்லாவிட்டால் வருத்தத்துடன் திருப்பி அனுப்பப்படும்.

செல்வி அவருக்குப் போன் போட்டாள். அப்பாதுரை சார் போனில் பேசுகிறவர் அல்ல, போனைத் தாண்டிக் கத்துகிறவர். எனக்கு அது ரொம்ப வசதி.

"ஒரே ஒரு ஆளு உயிரோட இருக்கட்டுமேம்மா. ஒரு குகையில. இளைஞன். அந்தப் பொண்ணுக்கும் அவனுக்கும் கடைசியில கல்யாணத்தை வச்சுரு."

"அவனுக்கு மூணு காலு சார்."

"ரெண்டாக்கிரு."

"செத்தவங்க செத்தவங்கதான் சார். ஒருத்தன் இருந்தான்னா இது வேற கதை."

"வாசகருங்க அழுவாங்கம்மா."

"அழட்டும் சார்."

"அப்ப நீ ஒரு முடிவு சொல்லு. எனக்குப் பிடிச்சா போடறேன். பிடிக்கலைன்னா திருப்பிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

போனை வைத்துவிட்டு அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வச்சுட்டுத்தான் போயேன் ஒரு கல்யாணத்தை" என்றேன். "உனக்குத்தான் ஆவல, கதையிலயாவது ஆவட்டும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "அக்கா, நான் இதுவரைக்கும் போன தூரமெல்லாம் இந்த நோட்டுக்குள்ளதான் போயிருக்கேன். அங்க இன்னா இருந்ததோ அதைத்தான் எழுதுவேன். திருப்பி அனுப்பட்டும். இன்னொரு எடத்துக்கு அனுப்புவேன்."

ஐந்தாவதும் திரும்பி வந்தால் இவள் மறுபடி எழுத ஆறு வருஷம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது லேசான காரியமல்ல.

அன்று மத்தியானமே நோட்டின் மீதியை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன், செல்வியின் அனுமதியோடுதான். சர்வேயர் பெண் தொல்லகத்தில் ஒரு தனி மலையைப் பார்க்கிறாள். மலையைச் சுற்றிப் பாறையில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம் ஓடுகிறது. முதலில் வாய்க்கால் என்று நினைக்கிறாள். தண்ணீர் ஓடிய அடையாளமே இல்லை. கீழே படுத்துப் பார்த்தால் அத்தனையும் காலடி. மூன்று மூன்றாகப் பதிந்த முக்காலடி. வானத்துக்குக் கப்பல் ஏறும் முன் ஒவ்வொரு மூவடியனும் அந்த மலையை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் ஏறியிருக்கிறான். லட்சம் வருஷத்து நடையில் பாறை தேய்ந்திருக்கிறது.

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் இதை யாருக்கும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

"'மலையை இடப்பக்கம் வைத்து அவர்கள் நடந்தார்கள்' " என்று அடுத்த வரியைப் படித்தேன்.

சகாதேவனின் கையில் டீ நடுவானத்தில் நின்றது. "இன்னாது?"

"இடப்பக்கம் வைத்து."

"யக்கா, மலை வலக்கைப் பக்கம்தானே வரணும்! பதினோரு வருஷமா பௌர்ணமி தவறாம சுத்தறேன். இடக்கைப் பக்கம் வச்சிச் சுத்துறது எதுக்கு? பொணத்துக்கு! குடத்தைத் தோள்ல வச்சிக்கினு சுத்துவாங்களே, அதுக்கு!"

அதுதான் உண்மை. நான் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது. பூத்துக்குள்ளிருந்து செல்வி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வெளியே வந்து கையை நீட்டினாள்.

"நோட்டைக் குடுங்க."

வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அறுபத்தோரு இடத்தில் இடப்பக்கம் என்று இருந்தது. அறுபத்தோரு இடத்திலும் தப்பு.

எப்படி வந்தது தப்பு என்று யோசிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. அவள் நாற்காலியிலிருந்து பார்த்தால் எதிரே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மலை. கிரிவலம் போகிறவர்கள் எல்லாரும் அவளுடைய வலக்கைப் பக்கமிருந்து வந்து இடக்கைப் பக்கமாகப் போவார்கள். ஆறு வருஷமாக, பௌர்ணமிக்குப் பௌர்ணமி, லட்சம் ஜனம் இடப்பக்கமாகப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தவள். ஒரு தடவைகூடச் சுற்றியதில்லை. நம்மூரில் இந்தத் தப்பைச் செய்யக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

"அதுக்கென்னா, வலம்னு திருத்திட்டாப் போச்சு" என்றேன்.

"திருத்தலாம். ஆனா நான் பாக்காத ஒண்ணை எழுதியிருக்கேன்னு இப்பத்தான் தெரியுது." நோட்டை மூடினாள். "நாளைக்குக் காலையில சுத்தப்போறேன்."

"எதை?"

"மலையைத்தான். வேற எதை?"

"வண்டியிலயா? பதினாலு கிலோமீட்டர் செல்வி! கை போயிடும்."

"கை ரெண்டு இருக்குது."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"சாமி கும்பிடப் போவலையே. ரோடு பாக்கப் போறேன்."

அவளைத் தனியாக விட மனம் வரவில்லை என்று நான் எல்லாரிடமும் சொன்னேன். வழியில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் வீட்டில் இருக்கவும் முடியவில்லை. ரெண்டும் நிஜம்தான்.

காலையில் கிளம்பும்போது சகாதேவன் வாசலில் நின்று, "செல்வி, செருப்புப் போட்டுக்கினு சுத்தக் கூடாது" என்றான்.

"என் செருப்பு இந்த டயருதாண்ணே. மூணையும் கழட்டிக் குடுக்கட்டா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போனான்.

அவள் கையால் சக்கரத்தைச் சுற்ற, நான் பக்கத்தில் நடந்தேன். எமலிங்கத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு முட்டி வலித்தது. சொன்னேன். நிருதிலிங்கத்தில் மறுபடி சொன்னேன். அவள் வலக்கைப் பக்கம் மலையைப் பார்ப்பதும், மடியிலிருந்த துண்டுத்தாளில் எழுதுவதும், மறுபடி சுற்றுவதுமாக இருந்தாள். மலை ஒவ்வொரு திருப்பத்திலும் வேறு மலையாக மாறிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலிலிருந்து அதன் ஒரு முகம்தான் தெரியும். அவள் அந்த முகங்களை எண்ணிக்கொண்டே வந்தாள்.

பௌர்ணமி இல்லாவிட்டாலும் சுற்றுகிறவர்கள் இருந்தார்கள். நாங்கள் மெதுவாகப் போனதால் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். எனக்குத் தெரிந்தது முதுகுகள்தான். சிவப்புச் சட்டை முதுகு, மஞ்சள் பை தொங்கும் முதுகு, தூங்கும் குழந்தை சாய்ந்த முதுகு.

அடிஅண்ணாமலை கிட்டத்தட்ட வந்துவிட்டது. அங்கேதான் பார்த்தோம்: வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்த ஊன்றுகோலைக் காணோம். கயிறு அவிழ்ந்து எங்கேயோ விழுந்திருக்கிறது.

"நீ இரு, நான் போய் எடுத்தாறேன்" என்றேன். வாய்தான் சொன்னது. முட்டி அசையவில்லை.

"நீங்க உக்காருங்கக்கா" என்று அவள் வண்டியைத் திருப்பினாள். வந்த வழியே. மலை அவளுக்கு இடக்கைப் பக்கம் வந்தது.

நான் மைல்கல்லில் உட்கார்ந்து பார்த்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஒரு அம்மாள், "ஏம்மா, எதுத்தாப்புல வர்றியே, இப்படி வரக்கூடாதும்மா" என்றார். ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவள் கொஞ்ச தூரம் போய், திடீரென்று நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டாள். ஊன்றுகோல் பத்தடி தள்ளிக் கிடக்கிறது, எனக்கே தெரிகிறது. அவள் அதை எடுக்கவில்லை. வருகிறவர்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருவர் மாற்றி ஒருவராக.

யாரோ புண்ணியவான் ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்த பிறகுதான் திரும்பி வந்தாள்.

"இன்னா ஆச்சு உனக்கு? மயக்கமா?"

"அக்கா, ஆறு வருஷமா இவங்களைப் பக்கவாட்டுலதான் பாத்திருக்கேன். கூடப் போனா முதுகுதான் தெரியுது. எதுக்கப் போனாத்தான் மூஞ்சி தெரியுது. எல்லார் மூஞ்சியும்."

"ஆமா, அதுக்கு?"

"அறுபது எடத்துல வலம்னு திருத்தணும். ஒரு எடத்துல திருத்தக் கூடாது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். எல்லா மூவடியரும் மலையை வலப்பக்கம் வைத்துத்தான் நடந்தார்கள். அந்தத் தடம்தான் அடியில், முழங்கால் ஆழத்துக்கு. ஆனால் அதற்கு மேலே, எல்லாத் தடத்தையும் மிதித்துக்கொண்டு, ஒரே ஒரு ஆளின் முக்காலடி மட்டும் எதிர்த்திசையில் போகிறது. ஒரே ஒரு சுற்று. அதற்கு மேலே வேறு தடம் இல்லை.

"கடைசி ஆளு அக்கா. ஊர்ல எல்லாரும் போயிட்டாங்க. சுத்தறதுக்கு இவன்தான் பாக்கி. லட்சம் வருஷமா அந்த வழியில போனவங்க எல்லாருக்கும் எதிர்ல, மலையை இடப்பக்கம் வச்சி நடந்து வர்றான். சகாதேவண்ணன் சொன்னாரே, அதுக்குத்தான்."

வெயில் நேரம். எனக்கு மேல் சிலிர்த்தது. "ரொம்ப நேரம் வெயில்ல இருந்தா இப்படித்தான் தோணும், நட" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். குபேரலிங்கம் வரை நான் முட்டி வலியைப் பற்றிப் பேசவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அவளுடைய ரெண்டு உள்ளங்கையும் கொப்புளம் வெடித்து ரத்தமாக இருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை. மாசி முடிய ஐந்து நாள். நாவல் முழுவதையும் தெளிவாகத் தாளின் ஒரு பக்கமாக எழுதவேண்டும்.

"நான் எழுதறேன்" என்று நான்தான் சொன்னேன். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், எழுத்து குண்டுகுண்டாக இருக்கும். பூத் கண்ணாடிக் கதவுக்குள் ரெண்டு பேரும் உட்கார்ந்துகொண்டோம். போன் பேச வருகிறவர்கள் தொல்லகத்தைத் தாண்டித்தான் ரிசீவரை எடுக்கவேண்டும். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். சந்தேகம் வந்தால் கேட்டேன்: அங்கே மழை பெய்யுமா, அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், மாமியார் உண்டா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தாள். மாமியார் இல்லையாம். எனக்கு அந்த ஊர் மேல் அன்றுதான் முதல்முதலாக ஆசை வந்தது.

ஐந்தாம் நாள் சாயந்திரம் கடைசிப் பக்கம். கொரியர்காரன் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "'அந்தக் கடைசித் தடம், மலையை இடப்பக்கம் வைத்து நடந்திருந்தது.'"

என் பேனா நின்றது. நிமிர்ந்தால் எதிரே மலை. பக்கத்தின் தலையில் நானே போட்ட பிள்ளையார் சுழி. கட்டினவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது; அன்றைக்கு என் மகன் குடத்தோடு எந்தப் பக்கமாகச் சுற்றினான் என்று எனக்குத் தெரியும். மலையைப் பார்த்துக்கொண்டே அதை எழுதக் கை வரவில்லை. ஒரு வார்த்தைதானே, யார் கவனிக்கப்போகிறார்கள் என்று வலப்பக்கம் என்று எழுதிவிட்டேன். அவள் கண்ணைத் திறப்பதற்குள் தாளை மடித்து உறைக்குள் போட்டு ஒட்டியாகிவிட்டது. கொரியர்காரன் போய்விட்டான்.

மூன்று நாள் நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் எந்த விஷயமும் என் வயிற்றுக்குள் அவ்வளவு நாள் தங்கியதில்லை. செல்வி நிமிஷத்துக்கு ஒரு தடவை, "அக்கா, நீங்க மட்டும் இல்லைன்னா" என்று வேறு ஆரம்பித்தாள். நாலாம் நாள் காலையில் பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. கட்டுப்போட்ட கையால் மெட்ராஸ் நம்பரைச் சுற்றினாள். எங்கேஜ். மறுபடி சுற்றினாள். பதினேழு தடவை. ரெண்டு கஸ்டமர் காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்கள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தொல்லகத்துக் கருவிதான் ஞாபகம் வந்தது. பதினெட்டாவது தடவை அந்தப் பக்கம் எடுத்தார்கள்.

"சார், நான் திருவண்ணாமலை அன்புச்செல்வி. கடைசிப் பக்கத்தை எடுங்க சார்."

"கம்போஸுக்குப் போகுதும்மா இப்ப. முடிவு சுமாராத்தான் இருக்கு. ஏதோ ஒருத்தன் நடந்தான்னு முடிச்சிருக்க. நானே போன் பண்ணலாம்னு இருந்தேன். அந்தக் கல்யாணத்தை..."

"நாலாவது வரியைப் படிங்க சார்."

"'மலையை வலப்பக்கம் வைத்து நடந்திருந்தது.'"

"வலம் இல்ல சார். இடம். எழுதினவங்க கை தப்பிடுச்சு."

கை தப்பிவிட்டதாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருந்தாலும் ரிசீவர் பக்கத்திலிருந்து காதை எடுக்கவில்லை.

"முன்னாடி பூரா வலம் வலம்னு வருதே? இங்க மட்டும் இடம்னா தப்பாத் தெரியும். புரூப் பாக்கறவரே திருத்திருவாரு."

"திருத்தக் கூடாதுன்னு ஓரத்துல எழுதிடுங்க சார். அந்த வார்த்தைதான் கதை. அது இல்லாம போடறதா இருந்தா போடவே வேணாம், திருப்பி அனுப்பிடுங்க."

"ஒரு வார்த்தைக்கா?"

"ஆமா சார்."

பில் மிஷினில் சிவப்பு எண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கத்தாமல் பேசினார். நான் ரிசீவரின் பின்புறத்தில் காதை அழுத்தவேண்டியதாயிற்று.

"யாருக்கும்மா சுத்தறான் அவன்?"

"எல்லாருக்கும் சார். அந்த ஊருக்கே. அவனுக்கு அப்புறம் ஆளு இல்ல. அதனால அவனுக்கும் சேத்து அவனே."

லைன் போய்விட்டது என்றே நினைத்தேன்.

"போன ஐப்பசியில எங்கண்ணனுக்கு நான்தான் சுத்தினேன்" என்றார். "அவருக்குப் புள்ள இல்ல." தாள் புரட்டும் சத்தம் கேட்டது. "இடம்னே போடறேன். சிவப்பு மையில வட்டம் போட்டு வைக்கறேன். கல்யாணம் வேணாம், விடு."

போனை வைத்ததும் அவள் முதல்முதலாக என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பில்லு எடுங்க. யாரு பேருல போடறது?"

"என் பேருலதான்" என்றேன். வேறு என்ன சொல்ல?

சித்திரையில் புத்தகம் வந்தது. தொல்லகம் என்ற பெயரைத் தூக்கிவிட்டு 'மரணக் கோளில் ஒரு மல்லிகை' என்று போட்டிருந்தார்கள். அட்டையில் துப்பாக்கியோடு இறுக்கமான உடுப்பில் ஒரு பெண். பின்னால் பச்சை நிறத்தில் ஒருவன், அவனுக்கு ரெண்டே கால். செல்வி அட்டையைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனாள். விரலை வைத்துப் பார்த்தாள். இடப்பக்கம் என்றே இருந்தது. மூடி வைத்துவிட்டு, வந்த கஸ்டமருக்குப் பெங்களூர் கோடு நம்பர் சொன்னாள்.

ஆறு பிரதி அனுப்பியிருந்தார்கள். அதில் ஒன்றை, காத்திருக்கிறவர்கள் படிக்கட்டும் என்று சணலில் கட்டி பூத்தில் தொங்கவிட்டாள். செங்கம் ரோடே படித்தது. பெங்களூருக்குப் போன் பேச வந்தவர் லைன் கிடைத்த பிறகும் "இரு, இரு" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டியதை நானே பார்த்தேன். சகாதேவன் ரெண்டு தடவை படித்தான். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரையும் கிண்டல் பண்ணவில்லை.

ஆனால் பாருங்கள், பத்தே நாளில் கடைசிப் பக்கத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் 'இட'வை அடித்துவிட்டு மேலே 'வல' என்று எழுதியிருந்தார்கள். அடித்த இடத்தில் டீக்கறை. செல்வி அதை அடித்துவிட்டு 'இட' என்று எழுதினாள். அடுத்த பௌர்ணமி கழித்து மறுபடி 'வல'. இந்த முறை வேறு எழுத்து, வேறு மை. கிரிவலம் வந்த எவரோ. அவள் மறுபடி 'இட'. இப்படியே ஆடி வரை போனது. ஒருமுறை ஒரு பக்தர், ஆசிரியரின் பிழைக்கு வருந்துகிறேன் என்று கையெழுத்தே போட்டிருந்தார்.

மேலே எழுத இடம் இல்லாமல் போனதும் அவள் ஒரு சின்னத் தாளை வெட்டி அந்த வரிமேல் ஒட்டினாள். அதில் பேனாவை அழுத்தி அழுத்தி எழுதினாள். எழுத்து பின் அட்டையையும் தாண்டி அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டு தெரிந்தது.

சகாதேவன் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பார்த்தான். "இன்னா செல்வி, பேப்பர் கிழியற வரைக்கும் எழுதிக்கினே இருப்பியா?"

"கிழிஞ்சா உள்ள இன்னும் அஞ்சு காப்பி இருக்குதுண்ணே" என்றாள், நிமிராமலே. "உங்க பேனாவுல மை இருக்குதா பாத்துக்கோங்க."